கட்டிலின் இடது பாதி

டெல்மர் வாய்ட்டைத் தலைகீழாகத் தொட்டிக்குள் இறக்கிய அன்று சாயங்காலமே அவர் வீட்டுக் கட்டிலின் இடது பாதியில் உறைபனி படிந்துவிட்டது. வெளியே வெயில் நூற்றுப் பதினாறு டிகிரி. அகுவா போகாவில் ஜூலை மாதத்துக்கு அது ஒன்றும் பெரிய வெயில் இல்லை. அரிசோனாவின் இந்த மூலையில் நூறுக்குக் கீழே இறங்கினால்தான் அதைப் பற்றிப் பேச்சே எழும். பனி விரல் கனத்துக்கு இருந்தது. ஒரு ஆள், மனைவி படுக்கும் பக்கமாக ஒருக்களித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிப் படுத்தால் என்ன வடிவம் வருமோ அந்த வடிவத்தில் இருந்தது. அவருடைய மனைவி லவோன் விரிப்பை மாற்றினாள். புது விரிப்பிலும் படிந்தது. மெத்தையைப் புரட்டிப் போட்டாள். அந்தப் பக்கமும் படிந்தது. அதற்கு மேல் மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. புருஷன் செத்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. வலது பாதியில் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்துத் தூங்கினாள்.

செத்து என்று எழுதிவிட்டேன். எங்கள் ஊரில் அந்த வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துத்தான் புழங்க வேண்டும். ஊருக்கு வெளியே, பழைய பருத்திக் கிட்டங்கி இருந்த இடத்தில், இறந்தவர்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, பிற்காலத்து வைத்தியம் வந்து எழுப்பும் வரை காத்து வைக்கும் நிறுவனம் இருக்கிறது. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. உள்ளே வரிசையாக நிற்கும் எஃகுத் தொட்டிகள் பெரிய காப்பி ஃபிளாஸ்க் மாதிரி இருப்பதால் ஊரில் எல்லோருக்கும் அது தெர்மாஸ். தெர்மாஸில் இருப்பவர்கள் இறந்தவர்கள் அல்ல, நோயாளிகள். அவர்களுடைய மனைவிமார் விதவைகள் அல்ல. வேறு என்ன என்பதற்கு மட்டும் இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. தலைகீழாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. என்றைக்காவது நைட்ரஜன் குறைந்தால் மேலே இருக்கும் பாகம்தான் முதலில் இளகும். கால் கெட்டுப்போனால் பிற்காலத்து டாக்டர் புதுக் கால் செய்துகொள்ளலாம். தலை கெட்டால் ஆளையே புதிதாகச் செய்ய வேண்டும். முதல் தடவை இதைக் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை அதில் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றும். மூன்றாம் தடவைக்குள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

பனியை முதலில் பயன்படுத்திக்கொண்டவள் யோலண்டா பார்ராகன். நெடுஞ்சாலை ஓரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவள், லவோனுக்கு ஒத்த வயது, வாய் மட்டும் அவளைவிட இரண்டு மடங்கு. துக்கம் விசாரிக்க வந்தவள் கட்டிலைப் பார்த்தாள், தொட்டாள், விரலை வாயில் வைத்துச் சூடுபண்ணிக்கொண்டாள். மறுநாள் தன் கடையின் கேரமல் புட்டிங் தட்டுகளைக் கொண்டுவந்து டெல்மரின் முதுகுக்குப் பின்னால் வரிசையாக அடுக்கினாள். பிறகு வேட்டைக்குப் போகிறவர்கள் புறாக் கறியைக் கொண்டுவந்தார்கள். மின்சாரம் நின்றுபோன வாரத்தில் தெருவில் இருந்த சர்க்கரை நோயாளிகள் எல்லோருடைய இன்சுலினும் அவருடைய தொடைப் பக்கம்தான் இருந்தது. தெர்மாஸின் மேலாளர் ட்ரெவர் ஆல்ஸ்டன் வெப்பமானியோடு வந்து அளந்து பார்த்து, முதலில் சந்தோஷப்பட்டான், பிறகு கவலைப்பட்டான். குளிர் கசிகிறது என்று வெளியே தெரிந்தால் நிறுவனத்துக்கு நல்லதில்லை, மேடம் தயவுசெய்து பத்திரிகைக்காரர்களிடம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். எங்கள் ஊருக்குப் பத்திரிகைக்காரர் வந்து பல வருஷம் ஆகிறது. ஆனாலும் லவோன் சரி என்றாள். அதற்குப் பிறகு விசாரித்ததில் வேறு வீடுகளிலும் இது உண்டு என்று தெரிந்தது. தலையை மட்டும் உறைய வைத்துக்கொண்ட ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் வீட்டில் தலையணை மட்டும் வெள்ளையாக இருந்தது. பூனையைத் தெர்மாஸுக்குக் கொடுத்திருந்த ஒரு அம்மாள் வீட்டு சோபாவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம்.

டெல்மர் ஒஹையோவில் பள்ளிக்கூட அறிவியல் வாத்தியாராக இருந்தவர். அவருக்கும் லவோனுக்கும் ஒரே மகள், பெத்தனி. ஏழு வயதில் ரத்தப் புற்றுநோயில் போனாள். அவளுக்குச் செத்தாள் என்றே எழுதலாம், அவள் சாதாரண மண்ணில், சாதாரண மரப்பெட்டியில் புதைக்கப்பட்டவள். அது முடிந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் உறைய வைப்பது பற்றி டெல்மர் ஒரு சஞ்சிகையில் படித்தார். அந்த ஒன்றரை வருஷத்தை அவர் யாருக்கும் மன்னிக்கவில்லை, முக்கியமாகத் தனக்கு. மகளின் கல்லறைக்குக் கல் நட விடவில்லை. கல் வைத்தால் முடிந்துபோயிற்று என்று அர்த்தம் என்றார். கல்லறைத் தோட்டத்துக்காரர்கள் அடையாளத்துக்குச் செருகிய தகரத் துண்டோடு அது அப்படியே கிடந்தது. மகளுக்குக் கிடைக்காதது தங்களுக்காவது கிடைக்கட்டும் என்று இரண்டு பேர் பெயரிலும் ஆயுள் காப்பீடு எடுத்து, அதைத் தெர்மாஸுக்கு எழுதி வைத்தார். இரண்டு பேர் மணிக்கட்டிலும் எஃகுக் காப்பு ஏறியது: இவரை எரிக்காதீர்கள், அறுக்காதீர்கள், ஐஸில் வைத்து இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அகுவா போகாவுக்குக் குடிவந்தார்கள், தெர்மாஸிலிருந்து கூப்பிடு தூரத்தில். அங்கத்தினர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எங்கே போனாலும் ஒரு மணி நேரத்தில் ஐஸுக்குத் திரும்பக்கூடிய தொலைவைத் தாண்டுவதில்லை. விமானத்தில் ஏற மாட்டார்கள், கடலில் இறங்க மாட்டார்கள். எங்கள் மாவட்டத்திலேயே நிதானமாக வண்டி ஓட்டுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவர் பின்னால் மாட்டிக்கொண்டு நானே பல கல்யாணங்களுக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன். ஒவ்வொரு அக்டோபரிலும் பெத்தனியின் பிறந்தநாள் வரும்போது, ஒரு தடவை ஒஹையோ போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று லவோன் கேட்பாள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பார் டெல்மர். அப்புறம் அவள் கன்னத்தைத் தட்டி ஒவ்வொரு வருஷமும் ஒரே பதிலைச் சொல்வார்.

"அப்புறம் போய்க்கலாம், தங்கம். நமக்குத்தான் நேரம் கெடக்கே."

நேரம் கிடக்கிறது என்று நம்புகிறவர்கள் எதையெல்லாம் தள்ளிப்போடுவார்கள் என்பதை அந்த வீட்டில் பார்க்கலாம். பின்கட்டுக்குக் கூரை பாதியில் நின்றது. லவோன் ஆசைப்பட்ட நடன வகுப்பு நின்றது. தம்பியோடு இருந்த மனத்தாங்கலைத் தீர்க்க டெல்மர் போன் எடுக்கவே இல்லை. எழுந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார், தம்பிக்குக் காப்பீடு கிடையாது என்பது அவருக்கு நினைவில்லாததுபோல. கெட்ட மனிதர் இல்லை. அவ்வளவு கவனமாகத் தன் உயிரைப் பாதுகாத்து வைத்ததில், அதைச் செலவு செய்ய அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. தெர்மாஸ் ஆட்கள் அறையைச் சுற்றி ஐஸ் மூட்டைகளோடும் தள்ளுவண்டித் தொட்டியோடும் நின்றார்கள். மூச்சு நின்ற நிமிஷமே வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்பது முறை. அதனால் அந்த வீட்டுக்காரர்கள் கடைசி வார்த்தைகளைப் பார்வையாளர்கள் முன்னால்தான் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. டெல்மர் லவோனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கண்ணு முழிக்கிறப்போ நீ பக்கத்துல இருக்கணும். எல்லாம் புது ஆளா இருப்பாங்க. தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணாவது வேணும்ல."

"இருப்பேன்" என்றாள் லவோன். கை நிறைய ஐஸ் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் நடுவில் வேறு என்ன சொல்ல முடியும்.

பனியோடு குடித்தனம் நடத்துவது அவளுக்குப் பழகிவிட்டது. கோடையில் அந்த வீட்டுக்கு ஏசி தேவைப்படவில்லை. காலையில் எழுந்து அவருடைய தோள்பட்டையில் சுரண்டி எடுத்து எலுமிச்சம்பழத் தண்ணீரில் போட்டுக்கொள்வாள். அவரைப் பற்றிக் குறை சொன்னால் பனி கொஞ்சம் கனக்கும், பழைய பாட்டு வைத்தால் விளிம்பில் லேசாக வியர்க்கும். மூன்றாவது வருஷம் ஊர்த் தச்சர் ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மாதிரி, பின்கட்டுக் கூரையை முடித்துக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பிட வந்தார். ஒருநாள் கை கழுவப் போகிற வழியில் படுக்கையறை திறந்திருந்ததைப் பார்த்தார். அதற்குப் பிறகு வரவில்லை. அவர்மேல் தப்பில்லை, இறந்த கணவனின் இடத்துக்கு ஒரு ஆள் வரலாம், ஈரம் காயாமல் படுத்திருக்கிறவன் பக்கத்தில் எங்கே வருவது.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. ஒரு வசந்த காலத்தில் லவோனுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இதயம் வீங்கிவிட்டது, அடுத்த கிறிஸ்துமஸைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். செய்தி தெரிந்ததும் ட்ரெவர் வந்தான். அவன் நல்ல பையன், நிஜமாகவே நம்புகிறவன். அவனுடைய அம்மாவே மூன்றாம் தொட்டியில்தான் இருந்தாள். இனி மாவட்டத்தை விட்டு எங்கேயும் போகக் கூடாது, ஐஸ் குழு தயாராக இருக்கும், டெல்மர் இருக்கும் அதே தொட்டியில் பக்கத்து இடம் அவளுக்குத்தான் என்றான். லவோன் ஒஹையோவுக்குப் போக வேண்டும் என்று சொன்னாள். போய், திரும்பி வராமல், மகள் பக்கத்தில் படுக்க வேண்டும். ட்ரெவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஒரு கையெழுத்துப் போட்டா போதும், மேடம், நாங்க தடுக்க முடியாது. ஆனா ஒண்ணு. எங்கம்மா முழிக்கிறப்போ நான் நிப்பேன். அந்த ஒரு நெனப்புலதான் நான் தெனமும் வேலைக்கு வர்றேன். சார் முழிக்கிறப்போ யாரு நிப்பாங்க?"

அவன் போன பிறகு லவோன் மணிக்கட்டுக் காப்பைச் சுழற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். புட்டிங் எடுக்க வந்த யோலண்டா அவளைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, ஒஹையோவுல அப்படி என்னடி இருக்கு?"

"தகரத்துல ஒரு நம்பர்."

"அதுக்கா அவ்வளவு தூரம்?"

"பெத்தனிக்கு நான் வந்தாலும் தெரியாது, வரலேன்னாலும் தெரியாது. டெல்மர் ஒருவேளை முழிச்சான்னா, நான் இல்லேங்கிறது அவனுக்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பாத்தா அவன் பக்கம்தான் வருது. இத்தன வருஷத்துல எந்தக் கணக்குப் போட்டாலும் அவன் பக்கம்தான் வந்திருக்கு."

"அவன் வாத்தியாரு. நீ எதுக்கு அவன்கிட்டப் போய்க் கணக்குல மோதுற? உனக்கு எங்க படுக்கணும், அதச் சொல்லு."

லவோன் ஒரு கரண்டி புட்டிங்கை முழுசாகத் தின்று முடித்தாள்.

"அவ பக்கத்துல."

மறுநாள் காலையில் காப்பிக் கோப்பையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து டெல்மரிடம் சொன்னாள். வாக்குக் கொடுத்ததை மறக்கவில்லை என்றாள். அவருக்குக் காத்திருக்க ஒரு பிற்காலம் இருக்கிறது, அவர்மேல் நம்பிக்கை வைத்து ஒரு நிறுவனமே இருக்கிறது, குழந்தைக்கு அது எதுவுமில்லை என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். அவள் யோலண்டாவிடம் திருப்பிச் சொன்னது இவ்வளவுதான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, பனி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. கோபம் வந்தால் டெல்மர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வது கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே உள்ள பழக்கம். புட்டிங் தட்டு இரண்டு நசுங்கியிருந்தது.

யோலண்டா கடையை மூடி, பலகையில் 'ஒஹையோ' என்று மட்டும் எழுதி மாட்டிவிட்டுத் தன் பிக்கப் வண்டியை எடுத்தாள். கிளம்பி ஒரு மணி நேரம் ஆனதும் லவோன் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, சாலையோர மண்ணில் கொஞ்ச தூரம் நடந்து, நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"இதுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"எப்படி இருக்கு?"

"அதே புதர்தான்."

ஒஹையோவில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டியிருந்தார்கள். தகரம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. இடத்தைக் காட்ட ஆள் தேவைப்பட்டது. லவோன் அங்கே உட்கார்ந்தாள். சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை, யாரும் பேசவும் இல்லை. சாதாரணமாகச் செத்தவர்கள் அப்படித்தான், எதையும் கசிய விடுவதில்லை. இத்தனை வருஷம் வராமல் இருந்ததற்கு ஏதாவது ஒரு தண்டனையை எதிர்பார்த்து வந்தவளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. யோலண்டா பின்னாளில் சொன்னாள், அவள் அழுதது குழந்தைக்காக மட்டும் இல்லை, வருஷத்துக்கு ஒன்றாகத் தள்ளிப்போட்ட அத்தனை அக்டோபருக்காகவும்தான் என்று. பக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு யோலண்டா ஊர் திரும்பினாள். லவோன் கல்லறைக் கல்லுக்கு ஆர்டர் கொடுத்தாள். மகள் பெயர், தன் பெயர், டெல்மர் பெயர், மூன்றும் ஒரே கல்லில். கல் வெட்டுகிறவர் டெல்மரின் இறந்த தேதியைக் கேட்டார். பிறந்த வருஷத்தைப் போட்டு, ஒரு கோடு இழுத்து, அதோடு விட்டுவிடச் சொன்னாள். அப்படியென்றால் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அவர் கேட்டார். அதில் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது என்றாள் லவோன்.

அந்த வருஷம் மேப்பிள் இலைகள் உதிர்ந்து முடிந்த சமயத்தில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே போய்விட்டாள். பக்கத்தில் ஐஸ் மூட்டை வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. மறுநாளே மகள் பக்கத்தில் புதைத்தார்கள்.

அகுவா போகாவில் அவள் இறந்த அன்று சாயங்காலம் வீட்டைப் பெருக்கப் போன யோலண்டாவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்திருக்கவில்லை. கட்டிலைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். பனி மறுபடி இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கை மட்டும் நடுக்கோட்டைத் தாண்டி லவோன் படுக்கும் பாதிக்குள் நீண்டு, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்து கிடந்தது. அத்தனை வருஷத்தில் அந்தப் பாதியில் ஒரு துளி பனி விழுந்ததில்லை. யோலண்டா பொறுக்க முடியாமல் அந்தக் கையில் தன் கையை வைத்தாள். ஒட்டிக்கொண்டது. போன் எட்டும் தூரத்தில் இருந்ததால் ட்ரெவரைக் கூப்பிட்டாள், அவன் வந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித்தான் பிரித்து எடுத்தான். அது வரைக்கும் அவள் டெல்மரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கூடவே இருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை யோலண்டாவின் கடையில் கூடிப் பேசினோம். டெல்மர் என்றைக்காவது எழுந்தால் முதலில் கேட்கப் போகிற கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதில் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. எழுவாரா என்று சிலர் கேட்டார்கள். அதை விஞ்ஞானம் பார்த்துக்கொள்ளும், நம் வேலை பதிலை வைத்திருப்பது என்று முடிவாயிற்று. என்ன சொல்வது என்பதில்தான் நேரம் ஆனது. உங்கள் மனைவி காலமாகிவிட்டார் என்று நேரடியாகச் சொல்லிவிடலாம் என்றான் ட்ரெவர். சாவு என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டோம், அதுவும் மரியாதையான உடுப்புப் போட்டு. யோலண்டா கட்டுப் போட்ட கையை ஆட்டி மறுத்தாள்.

"அவ செத்துட்டான்னு சொன்னா அவனுக்கு ஒண்ணும் வெளங்காது. அதெல்லாம் நம்புற ஆளா அவன்? எப்ப எழுப்புவீங்கன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். பொண்ணுகிட்டப் போயிருக்கா, வரமாட்டான்னு சொல்லு. அது அவனுக்குப் புரியும்."

அந்த வார்த்தைதான் நிலைத்தது. அதற்குப் பிறகு வருஷங்கள் போய்விட்டன. யோலண்டா ஊர்க் கல்லறையில் சாதாரண மண்ணில் இருக்கிறாள். அவள் கடையில் இப்போது டயர் விற்கிறார்கள். ட்ரெவர் அவனுடைய அம்மாவுக்கு அடுத்த தொட்டியில் நோயாளியாகச் சேர்ந்துவிட்டான், அவள் விழிக்கும்போது நிற்பதற்குப் பதிலாகக் கூடவே விழித்துக்கொள்ளலாம் என்று. தெர்மாஸில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நைட்ரஜன் குழாயைத் திறக்கக் கற்றுக்கொடுக்கும் அன்றே டெல்மருக்குச் சொல்ல வேண்டியதையும் கற்றுக்கொடுக்கிறார்கள். வீடு மூன்று கை மாறிவிட்டது. கட்டிலை வெளியே எடுக்க முடியாது, கால்கள் தரையோடு உறைந்துவிட்டன; அதனால் கட்டிலோடு சேர்த்துத்தான் விற்பனை. கடைசியாக வாங்கியவர்கள் ஒரு இளம் தம்பதி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள். தண்ணீரை எங்கே அடைப்பது, கரையான் எந்தச் சுவரில் ஏறும் என்பதோடு சேர்த்து டெல்மருக்கான பதிலையும் சொன்னோம். இரண்டு பேரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். பொண்ணுகிட்டப் போயிருக்கா, வரமாட்டா என்று அந்தப் பெண் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், குரல் சரியாக வருகிறதா என்று. பிறகு சமையலறை ஜன்னலுக்குத் திரைச்சீலை எத்தனை அகலம் வேண்டும் என்று அளக்கப் போனார்கள்.